சிவப்பு நூலுக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குத் தட்டு மறைந்தது.

மறைந்த இடத்தில், தண்ணீர் மட்டத்தில், ஆசாத் கயிற்றில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினான். பிறகு மெல்ல மேலே இழுத்தான். பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது. தட்டு திரும்பத் தெரிந்த இடத்தில் இன்னொரு கிளிப். இரண்டுக்கும் நடுவில் எந்த நூல் வருகிறது என்று பார்த்தான். சிவப்புக் கம்பளி நூல் கட்டிய இடம் ஒரு மீட்டர். அதற்கு மேல் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பச்சை நூல். மூன்று பச்சை.

"ஒண்ணு முப்பது," என்றான்.

படகின் மறுமுனையில் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டிருந்த தங்கையா தலையாட்டினார். எஸ்டேட்டில் தண்ணீர் வாட்சர். ஏரியிலிருந்து தொழிலாளர் லயத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர்தான். "போன வாரமும் அதானே பாய்?"

"போன வாரம் ஒண்ணு இருவத்தெட்டு."

"அப்ப தேவலைன்னு சொல்லுங்க. ஏரி ஆடாம அசையாம கெடக்குது. மனுசங்கதான் ஆடுறோம்."

ஆசாத் நோட்டில் எழுதினான். தேதி, நேரம், வெயிலா மேகமா, தண்ணீரின் நிறம், கயிற்றின் அளவு. நோட்டின் முற்பாதி முழுக்க அவன் மனைவி அஃப்ரீனின் கையெழுத்து. சாய்வில்லாத, உருண்டையான எழுத்து. பிற்பாதி அவனுடையது. இரண்டுக்கும் நடுவில் ஏழு வாரம் எதுவும் எழுதப்படவில்லை.

நடுவட்டம் போகிற ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் வருவது அந்த ஏரி. அதற்குத் தனிப் பெயர் கிடையாது. மூணாம் டிவிஷன் ஏரி என்பார்கள். மூன்று பக்கம் தேயிலை. நாலாவது பக்கம் மேட்டில் ஒரு ரிசார்ட் வந்து மூன்று வருடம் ஆகிறது. மரச்சட்டம் போட்ட இருபது காட்டேஜ். அங்கிருந்து ஒரு குழாய் புல்லுக்குள் மறைந்து மறைந்து இறங்கி ஏரியின் மேல்முனையில் வந்து நின்றது. சுத்திகரித்த தண்ணீர்தான் என்று ரிசார்ட்காரர்கள் சொன்னார்கள். லயத்தில் அறுபது வீடு. அறுபது வீட்டுக்கும் குடிக்க, சமைக்க இந்த ஏரிதான்.

குழாய் வந்த வருடம்தான் அஃப்ரீன் தட்டைச் செய்தாள். நடுவட்டம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் சயின்ஸ் டீச்சர். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் இரும்புத் தகடு. அதை நாலு பங்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் அடித்தாள். நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கயிறு போகும். தட்டுக்கு அடியில் முடிச்சு. தண்ணீரில் இறக்கினால் எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அவ்வளவு தெளிவு. கலங்கக் கலங்கச் சீக்கிரம் மறையும். எழுத்துத் தெரியாதவர்களும் நூலை எண்ணிச் சொல்லிவிடலாம். வாரம் ஒரு முறை, ஞாயிறு, வெயில் ஏறிய பிறகு. முதலில் அவளும் வாசுகி டீச்சரும். பிறகு தங்கையா. பிறகு லயத்துப் பெண்கள் நாலைந்து பேர், முறை வைத்து.

"பார்த்தாலே தெரியுதுன்னு யாரும் எழுதாதீங்க," என்று அவர்களிடம் சொல்வாளாம். "கயிறு சொல்றத மட்டும் எழுதுங்க."

இதை ஆசாத்திடம் சொன்னது வாசுகிதான். அவன் அந்த நாட்களில் ஏரிப் பக்கம் வந்ததில்லை. ஊட்டி பஜாரில் அவர்களுக்குக் கடை. கயிறு, தார்ப்பாய், பிளாஸ்டிக் டிரம். ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். அஃப்ரீன் மத்தியானம் நனைந்த கயிற்றோடு வீட்டுக்கு வருவாள். "இன்னிக்கு ஒண்ணு நாப்பது," என்பாள். அவன் "ம்" என்பான்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் தலைவலி என்று படுத்தாள். மத்தியானம் பேச்சு குழறியது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பர்லியார் தாண்டவில்லை.

அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரம் வாசுகி போன் செய்தாள். தட்டும் கயிறும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். நானே கொண்டுவருகிறேன் என்றான். ஏன் சொன்னான் என்று தெரியாது. அன்றிலிருந்து எட்டு மாதம். ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஒன்று முப்பது, ஒன்று இருபத்தெட்டு, ஒன்று முப்பத்திரண்டு.

கரையில் வாசுகி காத்திருந்தாள். நாற்பது வயது, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்கார்ஃப், கையில் செருப்பு. கரைச் சேற்றில் கால் வைத்தபடி கேட்டாள்.

"எவ்ளோங்க ஆசாத்?"

"ஒண்ணு முப்பது."

அவள் முகத்தில் சந்தோஷமில்லை. "வியாழக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. ஊட்டி பொல்யூஷன் ஆபீஸ்ல. குழாய்க்குப் பர்மனென்ட்டா அனுமதி கேட்டு ரிசார்ட்ல எழுதிக் கொடுத்திருக்காங்களாமா. ஏரியை அளக்கறவங்க புக்கோட வரணுமுன்னு லெட்டர்."

"போலாம்."

"போயி என்ன சொல்றதுங்க? குழாய் வந்த புதுசுலயும் ஒண்ணு முப்பது. இப்பவும் ஒண்ணு முப்பது. புக்கைக் காட்டுனா அவங்களுக்கு நாமளே சர்டிபிகேட் கொடுத்த மாதிரி." ஏரியைப் பார்த்தாள். "எனக்கென்னமோ மாறுன மாதிரிதான் இருக்கு. கரையில இந்தப் பாசி முந்தி இல்லீங்க."

"பார்த்தா தெரியுதுன்னு எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க."

"நான் சொல்லல. உங்க ஊட்டுக்காரம்மா சொன்னது." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "சரிங்க. கயிறு சொல்றதுதான்," என்றாள்.

லயத்து வழியாக மேலேறும்போது தங்கையாவின் மனைவி சின்னம்மை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சிறு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். பேச்சில் அது இன்னும் இருந்தது. "தம்பி, பொஸ்தகம் என்னா சொல்லுது?"

"அதே அளவுதாங்கம்மா."

"எனக்கு வாடை அடிக்குதே."

"அளவு மாறலையே."

இதே கேள்வியை மார்ச்சிலும் கேட்டாள். அப்போது அவள் ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, அரை மைல் மேலே பாறையிலிருந்து ஒழுகும் பீலியில் குடம் பிடித்துச் சுமந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து வீடு. ஆசாத் நோட்டைத் திறந்து, போன வருட மார்ச்சையும் இந்த வருட மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினான். போன வருடம் டீச்சர் எழுதியது, பாருங்கள், அதே எண். சின்னம்மைக்குப் படிக்கத் தெரியாது. அந்த உருண்டை எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "டீச்சரம்மா பொஸ்தகம் பொய் சொல்லாது," என்றாள். மறுநாளிலிருந்து பீலிக்குப் போகவில்லை. மற்றவர்களும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கையா கடைக்கு வந்தார். சுருட்டிய ஜமக்காளம், கையில் ஒரு ஃபிளாஸ்க். கல்லாவில் ஆசாத்தின் அத்தா முகமது யூசுப் இருந்தார்.

"வாங்க தங்கையா. எஸ்டேட்ல லீவா?"

"லீவு எங்க பாய். மருமவ ஆஸ்பத்திரில கெடக்கு. மஞ்சக்காமாலை. ஞாயித்துக்கெழம ராத்திரி சேத்தோம்."

சுமலதா. இருபத்துமூன்று வயது. நாலைந்து ஞாயிறு படகில் வந்திருக்கிறாள். கிளிப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சிரித்தவள். கல்யாணமாகி ஒரு வருடம்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றான் ஆசாத்.

"கண்ணு மஞ்சளாத்தான் இருக்கு. கஞ்சி எறங்குது. பொழச்சிக்கும்ங்கிறாங்க." தங்கையா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "டாக்டரம்மா கேட்டாங்க, என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு. நான் சொன்னேன், எங்க ஏரித் தண்ணிங்க, நம்ம ஆளுங்களே வாராவாரம் அளந்து எழுதுறோம், ஒரு குத்தமில்லைன்னு. அந்தம்மா ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டாங்க."

தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"நைலான் கயிறு ஒரு அஞ்சு மீட்டர் குடுங்க பாய். வீட்டுத் தார்ப்பாய் காத்துல பறக்குது. மவனுக்கு ஏறிக் கட்டத் துப்பில்ல, ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அழுவுறான்."

ஆசாத் கயிற்றுச் சுருளை இழுத்தான். நுனி பிரிந்து பஞ்சாக இருந்தது. கத்தரியை எடுத்தான். ஒரு சாண் விட்டு வெட்டினான். வெட்டிய துண்டைக் கூடையில் போட்டான். பிறகுதான் அளக்கத் தொடங்கினான்.

கயிற்றுக்கடையில் பிறந்தவர்களின் கை அது. நுனி நைந்திருந்தால் அதற்குப் பெயர் வால். வாலை முதலில் வெட்ட வேண்டும். வாடிக்கைக்காரருக்கு நைந்த கயிறு போகக்கூடாது. வால் அளவில் சேராது. அத்தா அவனுக்கு ஏழு வயதில் சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு யோசித்ததே இல்லை. கை பார்த்துக்கொள்ளும்.

இரண்டு மீட்டர் அளந்த இடத்தில் அவன் கை நின்றது.

"என்னடா?" என்றார் அத்தா.

அவன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பதாம் நாள் கழிந்து, போன் வந்த அன்று சாயங்காலம் தட்டை எடுத்துப் பார்த்தான். வெள்ளை உரிந்திருந்தது. பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கயிற்றிலிருந்து கழற்ற வேண்டும். அடியில் அஃப்ரீன் போட்ட முடிச்சு. அவள் முடிச்சு ஊரறிந்த கதை. ஏரிக்கு வருகிற பெண்கள், டீச்சர் போட்ட முடிச்சை டீச்சராலேயே அவிழ்க்க முடியாது என்று கேலி செய்வார்கள். பத்து நிமிடம் நகத்தால் கிண்டினான். அவிழவில்லை. தட்டை ஒட்டிக் கயிறு உரசி உரசி நைந்திருந்தது. கத்தரி எடுத்தான். நைந்த இடத்துக்கு மேலே வெட்டினான். தட்டைக் கழற்றினான். பெயின்ட் காய்ந்ததும் கயிற்றைத் திரும்பக் கோத்துத் தன் முடிச்சைப் போட்டான். நோட்டில், 'தட்டு வெள்ளை அடித்தது' என்று எழுதினான். வால் வெட்டியதை எழுதவில்லை. வால் அளவில் சேராது.

"அஞ்சு மீட்டர் கேட்டாரு," என்றார் அத்தா.

"நீங்க அளந்து கொடுங்கத்தா," என்று கத்தரியை வைத்துவிட்டு ஆசாத் வீட்டுக்கு நடந்தான்.

கயிறு குளியலறைக்கு வெளியே ஆணியில் தொங்கியது. கடை டேப்பை வைத்து அளந்தான். நோட்டின் முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: தட்டிலிருந்து சிவப்பு நூல் வரை சரியாக 100 செ.மீ.

எழுபத்தாறு.

மறுபடி அளந்தான். எழுபத்தாறு.

சிவப்பு நூலுக்குக் கீழே இருந்தது வெறும் கயிறு. நூலும் இல்லை, அடையாளமும் இல்லை. தண்ணீர் அதற்கு மேல்தான் எப்போதும் வரும் என்பதால் அதை யாரும் பார்த்ததில்லை. சிவப்பிலிருந்து மேலேதான் எண்ணுவார்கள். எட்டு மாதமாக ஒன்று முப்பது என்று எழுதியதெல்லாம் ஒன்று ஆறு. ஏரி முக்கால் அடி கலங்கியிருக்கிறது. அது கலங்கிய அளவுக்கு அவன் கயிற்றைக் குறைத்திருக்கிறான். இரண்டும் பொருந்திப்போய் நோட்டில் ஒரே எண்ணாக நின்றிருக்கிறது.

சின்னம்மை அந்த எண்ணைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அலமாரியின் மேல் இழுப்பறையில், அஃப்ரீனின் கண்ணாடிக்கும் பஸ் பாஸுக்கும் பக்கத்தில், வெட்டிய வால் இருந்தது. கடையில் வெட்டியது கூடைக்குப் போகும். இதை அவன் போடவில்லை. கொட்டைப்பாக்கு அளவு முடிச்சு, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முக்கால் சாண் கயிறு. எட்டு மாதத்தில் இரண்டு முறை அந்த இழுப்பறையைத் திறந்திருப்பான். இது மூன்றாவது.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வாசுகியைப் பார்த்துச் சொன்னான். மூன்று வாக்கியத்தில் முடிந்தது. அவள் பஸ் நிழற்குடையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாம சுமலதாவப் பார்க்கப் போனப்ப கூட..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவன் போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆபீஸ். இப்ப வந்து சொல்றீங்க."

"நேத்துதான் தெரிஞ்சுது."

"இதச் சொன்னா என்ன ஆவும் தெரியுங்களா? கயிறே தப்பு, அளந்தவங்களே தப்புன்னு மொத்த புக்கையும் தூக்கிப் போட்டுருவாங்க. உங்களுத மட்டுமில்ல. அஃப்ரீன் எழுதுனதும்தான். ரெண்டு வருசம் மழையில நனைஞ்சு எழுதுனது."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி குழாய் நிக்கும்." கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நாளைக்கு நீங்கதான் பேசணும். நான் பேச மாட்டேன். என்னால முடியாதுங்க."

கூடலூர்ப் பக்கமிருந்து பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தத் துண்டு இருக்குதுன்னீங்களே. எடுத்துட்டு வாங்க," என்றாள்.

அலுவலகத்து அறையில் நீள மேசை. இன்ஜினியர் ரேணுகா தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எதிரில் ரிசார்ட் மேனேஜர் ஷிஜோ. நிலம்பூர்க்காரன், முப்பது வயது இருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வந்ததும் ஆசாத்துக்கும் வாசுகிக்கும் டீ சொன்னது அவன்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார் ரேணுகா. "இப்படி ஒரு புக் நான் பார்த்ததில்லை. இதுப்படி பார்த்தா தண்ணி கெடலை. அப்படித்தானே?"

"இல்லைங்க," என்றான் ஆசாத்.

சொன்னான். கயிறு, வால், கத்தரி. செப்டம்பரிலிருந்து எழுதிய ஒவ்வொன்றிலும் இருபத்துநாலு கழிக்க வேண்டும் என்றான். சொல்லி முடித்தபோது டீ ஆடை கட்டியிருந்தது.

ரேணுகா கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஏனுங்க, எட்டு மாசம் கவனிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

"கயிறு வித்துட்டு இருக்கேன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

ஷிஜோ தொண்டையைச் செருமினான். "ஒரு சம்சயம் மேடம். இவர் நேராச் சொல்றார், மரியாதை இருக்கு. ஆனா கயிறு எழுபத்தாறுன்னு இப்பத்தான் தெரியுது. முதல்லயே எழுபத்தாறா இருந்திருந்தா? அந்த டீச்சரே தப்பா அளந்து கட்டியிருந்தா? அப்ப முன்னாடி எழுதினதுலயும் இருபத்துநாலு கழிக்கணும். அப்பவும் ரெண்டும் ஒண்ணுதானே? தண்ணி மாறலை."

அவன் சொன்னதில் தவறில்லை. வாசுகி ஆசாத்தைப் பார்த்தாள்.

ஆசாத் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசையில் பிரித்தான். உள்ளே முடிச்சு.

"வெட்டுனது இதுதாங்க."

ரேணுகா உதவியாளரைக் கூப்பிட்டு டேப் கொண்டுவரச் சொன்னார். முதலில் ஆசாத் கொண்டுவந்திருந்த கயிற்றில் தட்டிலிருந்து சிவப்பு வரை அளந்தார்கள். எழுபத்தாறு. "இப்ப இருக்கற முடிச்சை அவுங்க. அதுல எவ்வளவு கயிறு போயிருக்குன்னு பார்க்கணும்." ஆசாத் தன் முடிச்சைப் பிடித்து இழுத்தான். ஒரே இழுப்பு. அவிழ்ந்து விழுந்தது. ஒன்பது. பிறகு துண்டு. முடிச்சின் கழுத்திலிருந்து வெட்டுவாய் வரை. பதினைந்து.

உதவியாளர் தாளில் கூட்டினார். நூறு.

ரேணுகா துண்டின் வெட்டுவாயையும் கயிற்றின் வெட்டுவாயையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சாய்வு. ஒரே பழுப்பு. "அந்தம்மா சரியாத்தான் அளந்திருக்காங்க," என்றார். "நூறுன்னா நூறு."

ஷிஜோ தன் பக்கத்துத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டான்.

"அப்ப பழைய ரீடிங் நிக்குது," என்றார் ரேணுகா. "உங்க எட்டு மாசத்தை நான் அப்படியே எடுக்க முடியாது. திருத்துன கணக்குன்னு தனியாத்தான் வைப்பேன். லேப் ஆளுங்க வந்து தண்ணி எடுப்பாங்க. ரிசல்ட் வர ஆறு வாரம். அதுவரைக்கும் அனுமதி கிடையாது, குழாயை அடைக்கவும் ஆர்டர் கிடையாது." உதவியாளரிடம் திரும்பினார். "கயிறு, தட்டு, அந்தத் துண்டு, மூணையும் கவர்ல போட்டு சீல் பண்ணுங்க."

ஆசாத்தின் கை மேசையில் இருந்தது. கைக்குட்டைக்குப் பக்கத்தில்.

"துண்டும் வேணுங்களா?"

"அதுதானுங்க ப்ரூஃப்."

"திரும்பக் கிடைக்குமா?"

"ஃபைல் முடிஞ்சா." அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசுகியைப் பார்த்தார். வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள். ரேணுகாவின் குரல் கொஞ்சம் தணிந்தது. "இந்த மாதிரி ஃபைல் சீக்கிரம் முடியாதுங்க. பொய் சொல்ல விரும்பல."

உதவியாளர் முடிச்சைக் கவருக்குள் போட்டார். கவர் புடைத்தது. அழுத்தி ஒட்டினார். அரக்கு வைத்தார். மேலே தேதி எழுதி, ஆசாத்திடம் கையெழுத்துக்கு நீட்டினார். அவன் போட்டான்.

வெளியே படியில் வாசுகி அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான்.

சனிக்கிழமை கடையில் புதிதாக மூன்று மீட்டர் பருத்திக் கயிறு எடுத்தான். அத்தா சுருளைப் பிரித்தார். நுனி நைந்திருந்தது. கத்தரி தானாக அவர் கைக்கு வந்தது.

"வெட்ட வேண்டாங்கத்தா."

"நைஞ்சிருக்குதேடா."

"இருக்கட்டும்."

யூசுப் கத்தரியை வைத்தார். மகனைப் பார்த்தார். எட்டு மாதமாக அவனிடம் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கப் பயந்தவர். அன்றும் கேட்கவில்லை. கயிற்றை அப்படியே கொடுத்தார்.

பட்டறையில் புதுத் தகடு வெட்டி வாங்கினான். கறுப்பும் வெள்ளையும் அடித்தான். அஃப்ரீனின் கம்பளிப் பையில் சிவப்பு நூல் மிச்சம் இருந்தது. தட்டிலிருந்து ஒரு மீட்டர் மூன்று முறை அளந்து கட்டினான். கட்டிய பிறகு நாலாவது முறை.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு முதலில் போனான். சின்னம்மை வீட்டு வாசலில் நின்றான். உள்ளே கட்டிலில் சுமலதா போர்த்திப் படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவனைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுங்க," என்றான். பிறகு சின்னம்மையிடம் சொன்னான். பஸ்ஸில் வரும்போது யோசித்துவைத்தது எதுவும் நினைவில்லை. "நான் சொன்ன அளவு தப்புங்கம்மா. கயிறை நான் வெட்டிட்டேன். தண்ணி எட்டு மாசமாவே கெட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. காய்ச்சாம குடிக்காதீங்க. முடிஞ்சா பீலிக்கே போங்க."

சின்னம்மை அவனையே பார்த்தாள். கையில் காலிக் குடம் இருந்தது. போகத்தான் கிளம்பியிருக்கிறாள்.

"வாடை அடிக்குதுன்னு சொன்னேன்," என்றாள்.

"ஆமாங்க."

"ரெண்டு தடவ சொன்னேன். மூக்கு எனக்கு. பொஸ்தகம் ஒனக்கு. பொஸ்தகத்த நம்புனேன்."

அவள் அவன் கையிலிருந்த புது நோட்டைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா எழுத்தக் காட்டிக் காட்டி ஒன்னோட எழுத்த நம்ப வச்சிட்டியே தம்பி."

"அத்தை, விடுங்க," என்றாள் சுமலதா உள்ளேயிருந்து.

"நீ சும்மா கெட." சின்னம்மை குடத்தை இடுப்பில் ஏற்றினாள். அவனைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி, பாறைப் பக்கம் ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு பின்னால் போனார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் ஒரே ஒருவர்தான். தங்கையா படகைத் தண்ணீரில் தள்ளி வைத்திருந்தார். வாசுகி வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தாள். முறைக்கு வர வேண்டிய பெண்களும் இல்லை.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கலைங்க," என்றான் ஆசாத்.

"நா மட்டும் நெனச்சேனா?" தங்கையா துடுப்பை எடுத்தார். "வால்வு தொறக்குறவன் நான். எட்டு மாசம் தொறந்து விட்டவன் நான்தானே பாய். ஏறுங்க."

தங்கையா துடுப்புப் போட்டார். மேட்டில் காட்டேஜ்களின் கண்ணாடியில் வெயில் அடித்தது. மேல்முனையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

வழக்கமான இடத்தில் நின்றார்கள். ஆசாத் தட்டை இறக்கினான். வெள்ளை பச்சையாகி, பச்சை பழுப்பாகி, இல்லாமல் போனது. கிளிப். மேலே இழுத்தான். கிளிப். சிவப்பு நூல் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. பச்சை நூல் ஒன்றுகூட நனையவில்லை.

"ஒண்ணு நாலு," என்றான்.

தங்கையா தலையாட்டவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய நோட்டு ஆபீஸில் இருந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினான். தட்டிலிருந்து சிவப்பு நூல் வரை 100 செ.மீ. பிறகு தேதி, நேரம், வெயில், நிறம், ஒன்று நாலு. அடியில் சிறிது இடம் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி தட்டைப் புரட்டிப் பார்த்தான். ஓட்டைக்கு அடியில் அவன் முடிச்சு, அதற்கும் கீழே நைந்த நுனி பஞ்சாகப் பிரிந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை கயிற்றை யாரும் வெட்டவில்லை என்று அர்த்தம்.

'வால் வெட்டவில்லை' என்று எழுதி மூடினான்.